முப்பது ஆண்டுக் கடனின் விலை

வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் வங்கியில் முதலில் கேட்பது, ‘மாதத் தவணை எவ்வளவு வரும்?’ என்பதைத்தான். சம்பளத்துக்குள் அடங்கினால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால், அந்தக் கடன் என்ன விலையில் முடியும் என்பதைத் தவணைத் தொகையைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, அதை எத்தனை ஆண்டுகள் கட்டுகிறோம் என்பதே. 40 லட்ச ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை சுமார் 34,700 ரூபாய்; மொத்த வட்டி சுமார் 43 லட்சம். அதையே 30 ஆண்டுகளாக நீட்டினால் தவணை சுமார் 30,750 ரூபாயாகக் குறையும். வட்டியோ 70 லட்சத்தைத் தாண்டும். மாதம் 4,000 ரூபாய் குறைகிறதே என்று பார்த்தால், முடிவில் சுமார் 27 லட்சம் கூடுதலாகப் போகிறது. முதல் மாத வட்டி மட்டுமே 28,333 ரூபாய். 20 ஆண்டுக் கடனில் அந்த மாதம் அசலில் 6,400 ரூபாய் அளவுக்குக் கழிகிறது. 30 ஆண்டுக் கடனில் 2,400தான்.

மாறும் வட்டிக் கடனில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. வங்கிகள் 2019 அக்டோபர் முதல் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டவை. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. 7 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கி 31,012 ரூபாய் கட்டிவந்தவரை எடுத்துக்கொள்வோம். வட்டி 9.5 ஆகும்போது 39 லட்சம் பாக்கி இருந்தால், ஒரு மாத வட்டியே 30,875 ரூபாய். அசலில் கழிவது 137 ரூபாய்! இப்படிப்பட்ட நிலையில் பலருக்குத் தவணை மாறவில்லை. அவர்கள் அறியாமலேயே கடன் காலம் நீண்டது. அதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்பதைக் கடன்தாரரே தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தர வேண்டும்.

சம்பளம் உயர உயரத் தவணை இலகுவாகிவிடும், அதனால் நீண்ட காலமே பாதுகாப்பு என்பார்கள். வேலை நிலையில்லாத காலத்தில் இதில் நியாயம் உண்டு. ஆனால், சம்பளம் உயரும்போது கூடுதலாகக் கட்டினால் மட்டுமே அது பலிக்கும். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. 20 ஆண்டுக் கடனில் வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறையும். அப்படிக் கட்டும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். வரிச் சலுகைக்காகக் கடனை நீட்டுவோரும் உண்டு. பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கான வட்டிக் கழிவு ஆண்டுக்கு 2 லட்சம்தான். முதலில் சொன்ன 8.5 சதவீதக் கடனின் முதல் ஆண்டு வட்டியே 3.3 லட்சத்துக்கு மேல். புதிய வரி முறையில் அந்தக் கழிவே இல்லை.

கைப்பணமும் கணக்கில் சேர வேண்டும். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதமே கிடைக்கும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. இதற்காகத் தனிநபர் கடனோ நகைக் கடனோ வாங்கினால், முதல் நாளிலிருந்தே இரண்டு தவணைகள் கழுத்தை நெரிக்கும். அந்த நிலை வருமானால், ஓராண்டு காத்திருந்து சேமிப்பதே நல்லது.

கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் வங்கிகள் அதைத் தர வேண்டியது கட்டாயம். அதில் தவணைக்கு முன்பாக, மொத்தம் எவ்வளவு வட்டி கட்டுவீர்கள் என்ற வரியைப் படியுங்கள். அந்தத் தொகை உங்களுக்குச் சம்மதமானால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.