விதைநெல்லும் ஹார்ட் டிஸ்க்கும்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “அண்ணே, ரிப்பேரே ஆகாத எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு சொல்லுங்க. விலை கூடினாலும் பரவாயில்ல.” ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் நம்பமாட்டார். ஆகவே ஆளுக்கொரு டீ சொல்லிவிட்டு உட்காருவோம். கேமராவின் கார்டிலிருந்து புறப்படும் படம் எங்கெல்லாம் தங்கி, எப்படியெல்லாம் பயணப்படுகிறது என்று கூடவே நடந்து பார்ப்போம். நடந்து முடித்தால் பதில் தானாக வந்து நிற்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 4கே கேமராக்கள் பலவற்றில் ‘100 எம்.பி.பி.எஸ்.’ என்று ஓர் அளவு இருக்கும். இந்த எம்.பி. வேறு, ஹார்ட் டிஸ்க் பெட்டியில் போட்டிருக்கும் எம்.பி. வேறு. கேமரா பிட் கணக்கில் பேசுகிறது, டிஸ்க் பைட் கணக்கில் பேசுகிறது. எட்டுப் படி சேர்ந்தால் ஒரு மரக்கால் என்று தாத்தா காலத்தில் நெல் அளந்தார்களே, அது மாதிரி எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100-ஐ எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்.பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. மாலை வரவேற்பும் காலை முகூர்த்தமுமாக மூன்று கேமரா தலா நான்கு மணி நேரம் ஓடினால் 540 ஜி.பி. ஒரே ஒரு கல்யாணம், அரை டி.பி.யைத் தாண்டிவிட்டது.

இது போய்த் தங்கும் இடத்தைத் திறந்து பார்ப்போம். சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல மினுங்கும் தட்டுகள் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 5,400 சுற்று அல்லது 7,200 சுற்று. தட்டின் மேல் ஒரு சிறு கை முன்னும் பின்னும் ஓடிப் படிக்கிறது, எழுதுகிறது. கையின் நுனிக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு தலைமுடியைப் பல ஆயிரம் கூறாகப் பிளந்தால் அதில் ஒரு கூறு அளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மேசையில் ‘டொக்’ என்று வைக்காதே என்று பெரியவர்கள் அதட்டுவது இதனால்தான்.

சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய டிஸ்க், நொடிக்கு ஏறக்குறைய 120 எம்.பி. கொடுக்கும். தனி அடாப்டரோடு வரும் பெரிய மேசை டிஸ்க் 200-ஐத் தாண்டும். நமக்கு வேண்டியது 12.5 தானே, மூன்று கேமராவுக்கும் சேர்த்தாலும் 37.5 தானே, பிறகு ஏன் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசைக்கும் சேர்த்துச் சாம்பார் வாளியோடு ஒரே ஆள். வாளியில் சாம்பார் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு வரிசையின் கோடியில் ஊற்றிவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடி, அங்கிருந்து மூன்றாவதற்கு ஓடி வருவதற்குள் இலையில் சோறு காய்ந்துவிடுகிறது. மூன்று கேமராப் படத்தை ஒரே நேரத்தில் ஓட்டும்போது அந்த ஒற்றைக் கையும் இப்படித்தான் தவிக்கிறது. நேரமெல்லாம் படிப்பதில் போவதில்லை, ஓடுவதில் போகிறது. எடிட்டுக்கு வசதியாக இருக்கட்டும் என்று படத்தை புரோரெஸ் 422 எச்.க்யூ. வடிவத்துக்கு மாற்றினால் இன்னும் மோசம். 4கே-யில் ஒரே ஒரு கேமராவே நொடிக்கு 90 எம்.பி.க்கு மேல் கேட்கும்.

எஸ்.எஸ்.டி.யில் இந்த ஓட்டமே இல்லை. சுழலும் தட்டு கிடையாது, கையும் கிடையாது, எல்லாமே சில்லு. ஒவ்வொரு இலைக்கும் ஒரு குழாய் வைத்த மாதிரி. கையடக்க எஸ்.எஸ்.டி.கள் நொடிக்கு 500 எம்.பி.யில் தொடங்கி 1,000, 2,000 என்று மேலே போகின்றன. எடிட் நடக்கும் மேசைக்கு இதுதான் சரி.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் கடைசிவரை நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். லாரியிலிருந்து மூட்டைகளைத் திண்ணையில் இறக்குவது சீக்கிரம் முடியும். திண்ணை நிறைந்துவிட்டால்? உள்ளே கொண்டுபோய் அடுக்கிய பிறகுதான் அடுத்த மூட்டையை இறக்க முடியும். பல எஸ்.எஸ்.டி.களிலும் இப்படி வேகமான ஒரு திண்ணை உண்டு. அதற்குப் பெயர் கேஷ். விலை மலிவான வகைகளில் திண்ணை நிறைந்ததும் எழுதும் வேகம் சாதாரண ஹார்ட் டிஸ்க் அளவுக்கு, சிலவற்றில் அதற்கும் கீழே, இறங்கிவிடும். பத்து ஜி.பி. காப்பி செய்து பார்ப்பவருக்கு இது தெரியாது, 540 ஜி.பி. காப்பி செய்யும் நமக்குத் தெரிந்துவிடும். வாங்குமுன் ‘தொடர்ந்து எழுதும் வேகம்’ என்ன என்று விசாரித்தால் போதும்.

இன்னொரு இடமும் இருக்கிறது, வேகம் காணாமல் போவதற்கு: கேபிள். போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிளும் டிஸ்க்குடன் வருவதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலானவை பழைய யு.எஸ்.பி. 2.0 வேகத்துக்கு மேல் போகாது. நொடிக்கு 480 எம்.பி. என்பார்கள், அதுவும் பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 60, கைக்கு வருவது 40 அளவில். நமது 540 ஜி.பி.யை அந்தக் கேபிளில் அனுப்பினால் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அதே சாதாரண டிஸ்க்கை அதன் சொந்தக் கேபிளில் மாட்டினால் ஒன்றே கால் மணி நேரம். டிஸ்க்கை மாற்றுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சாதாரண ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா? எஸ்.எம்.ஆர். என்றால் ஓட்டு வீட்டுக் கூரை. ஓர் ஓட்டின் விளிம்பு மேல் அடுத்த ஓடு ஏறி உட்கார்ந்திருக்கும், அதனால் அதே இடத்தில் அதிக ஓடு அடுக்கலாம். ஆனால் நடுவில் ஒன்றை மாற்றவேண்டுமென்றால் அதன் மேல் ஏறியிருப்பவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் பழையதை அழித்துப் புதியதை எழுதும்போது இந்தக் கழற்றல் வேலைதான் உள்ளே நடக்கிறது. சி.எம்.ஆரில் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. சில மாடல்களில் எஸ்.எம்.ஆர். இருப்பதைச் சொல்லாமலே விற்றிருக்கிறார்கள் என்பது 2020-இல் வெளியே வந்தது. இன்று உலகில் ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூவர்தான். மூவருமே இதில் இருந்தார்கள். முடித்த வேலையை ஒருமுறை எழுதிப் பூட்டி வைக்க எஸ்.எம்.ஆர். போதும். தினமும் எழுதி அழிக்கும் வேலைக்கு வேண்டாம்.

டீ பாதிக்கு வந்துவிட்டது. இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். ரிப்பேரே ஆகாத டிஸ்க் எது?

நம்பகம் என்பது பெட்டிக்குள் இருக்கும் சரக்கு, காசு கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று எல்லோருமே நினைக்கிறோம். சில டிஸ்க்குகளின் விவரத்தாளில் ‘சராசரியாக 10 லட்சம் மணி நேரத்துக்கு ஒரு பழுது’ என்று போட்டிருப்பார்கள். 10 லட்சம் மணி நேரம் என்றால் 114 ஆண்டு. பேரன் காலம்வரை ஓடும் என்று தோன்றும். அந்த எண் சொல்வது அதை அல்ல. இருபத்தைந்து வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் ஓராண்டில் ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே ‘இந்த ஊரில் மனிதனுக்கு ஆயுசு ஆயிரம் வருஷம்’ என்று சொல்வோமா? அதே மாதிரி, ஆயிரம் டிஸ்க்கை ஓராண்டு இரவும் பகலும் ஓட்டினால் ஒன்பது செத்துப்போகும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அந்த ஒன்பதில் உங்களுடையதும் ஒன்றா என்பதைப் பெட்டி சொல்லாது.

நிஜத்தில் நிலவரம் என்ன? பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன் டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கை 2013-லிருந்து வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குள் நிற்கிறது அந்தக் கணக்கு. அதுவும் குளிரூட்டிய அறையில், அசையாமல் இருப்பவை. நம்முடையவை பைக் டேங்க் மேல் பையில் குலுங்கி மண்டபத்துக்குப் போய்த் திரும்புகின்றன. சாகுமுன் அறிகுறி காட்டுமே என்றும் இருந்துவிட முடியாது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

ஆகவே ‘இந்தக் கம்பெனி டிஸ்க் ஆகாது, அந்தக் கம்பெனிதான் தங்கம்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், அவருக்கு எந்த டிஸ்க் செத்தது என்பது மட்டுமே நமக்குத் தெரியவருகிறது. வாரண்டியும் டிஸ்க்குக்குத்தான். மூன்று ஆண்டுக்குள் பழுதானால் புதிய டிஸ்க் தருவார்கள், காலியாக. தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க, கட்டியவரைக் கூப்பிட முடியாது.

சரி, இரண்டு டிஸ்க் உள்ள ரெய்டு பெட்டி வாங்கிவிட்டால்? ஒன்றில் எழுதுவது அதே நொடியில் அடுத்ததிலும் பதியும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். நல்லதுதான். ஆனால் ஒன்றில் அழித்தால் அதே நொடியில் மற்றதிலும் அழிந்துவிடும். கைதவறல், வைரஸ், திருட்டு, மின்னல் எல்லாம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். 1998-இல் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளை, படத்தின் கோப்புகளை மளமளவென்று அழித்துவிட்டது. பேக்கப்பைத் தேடினால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த, படக்குழுவைச் சேர்ந்த கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள். படத்தைக் காப்பாற்றியது வேறொரு வீட்டில் இருந்த பிரதி.

படக்காரர்கள் இதற்கு 3-2-1 என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். நம் மொழியில் சொன்னால் ஃபுட்டேஜ் என்பது விதைநெல். எடிட் செய்து கொடுக்கும் வீடியோ அதில் வடித்த சோறு. சோறு போனால் மறுபடி வடிக்கலாம். விதைநெல் போனால் அடுத்த போகம் இல்லை.

இப்போது கடைக்குப் போகலாம். தினசரி எடிட்டுக்கு 1 அல்லது 2 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று. சேமிப்புக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு. முடிந்தால் வேறு வேறு கம்பெனி, இல்லாவிட்டால் வேறு வேறு மாதம் வாங்கியது. ஒரே தொகுப்பில் வந்தவற்றுக்கு ஒரே குறை இருக்கலாம். ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். எஸ்.எஸ்.டி.யை ஆண்டுக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் பதிந்தது மெல்லக் கசியும். அடாப்டர் போடும் மேசை டிஸ்க்குக்கு யு.பி.எஸ். இணைப்பு கட்டாயம். இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டி.பி. எஸ்.எஸ்.டி. என்று ஆன்லைனில் கண்டால் கடந்துபோய்விடுங்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துக் கணினியிடம் பொய்க்கணக்குக் காட்டும் சரக்கு அது.

ஒரே ஒரு விலையுயர்ந்த டிஸ்க்குக்கு வைத்திருந்த பணத்தில் நடுத்தர விலையில் இரண்டு வாங்குங்கள் என்பதுதான் தம்பிக்கு என் ஒரு வரிப் பதில். இரண்டிலும் காப்பி முடிந்து, இரண்டையும் திறந்து படம் ஓடுவதைப் பார்த்த பிறகே கேமரா கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். இதைப் படித்து முடித்ததும், போன மாதக் கல்யாணத்தின் இரண்டாவது பிரதியை எடுத்து மாட்டி, முகூர்த்தக் காட்சியை ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது பிரதியே இல்லையென்றால், டீக்குக் காசு கொடுத்த கையோடு கடைக்குக் கிளம்புங்கள்.