வாக்காளர் ஜாபிதாவும் சங்க அங்கத்தினர் கடமையும்

கிராம ஐக்கிய நாணய சங்கத்தின் மகாசபையில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றே. இது அங்கத்தினர் யாவரும் அறிந்த விதி. ஆனால் சட்டசபைத் தேர்தலில் இந்நியாயம் வெகுகாலம் வரையில் ஏற்படவில்லை.

1919-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் 1920-ல் நடந்த தேர்தலில், பெரும்பாலும் சொத்தும் வரியுமே வாக்குரிமைக்கு அளவுகோலாயிருந்தன. ஸ்திரீகளுக்கு இருந்த தடை 1921-ல் சட்டசபைத் தீர்மானத்தால் நீங்கிற்று. சொத்துத் தகுதி நீங்கவில்லை. 1935-ம் வருஷத்துச் சட்டம் வாக்காளர் தொகையைப் பெருக்கிய போதிலும், நிலமும் எழுத்தறிவும் இல்லாதார் பெரும்பாலும் புறத்தே நின்றனர். ஆகவே, தன் சங்கத்துப் பஞ்சாயத்தாரைத் தெரிந்தெடுத்த ஏழைக் குடியானவன், தனக்குச் சட்டம் இயற்றுவோரைத் தெரிந்தெடுக்க இயலாதவனாயிருந்தான். 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு அளித்தது. அன்று 21 ஆக இருந்த வயது 1989-ல் 18 ஆயிற்று.

உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. பெயர் ஜாபிதாவில் இருத்தல் வேண்டும். 1951-52 தேர்தலுக்கு ஜாபிதா தயாரானபோது, வட இந்திய ராஜ்யங்கள் சிலவற்றில் ஸ்திரீகள் பலர் தம் பெயரைக் கூற நாணி, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்துகொண்டனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாதெனத் தேர்தல் கமிஷன் கொண்டமையால், சுமார் 28 லட்சம் ஸ்திரீகள் அத்தேர்தலில் வாக்கிழந்தனர்.

இக்காலத்தில் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. அடையாளச் சீட்டு கையிலிருந்தும் ஜாபிதாவில் பெயரில்லாதவர் வாக்களிக்க இயலாது. ஆதலின் நகல் ஜாபிதா வெளியானவுடன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. புதிதாகப் பெயர் சேர்க்க 6-ம் நமூனா. பிழை திருத்தவும், குடிபெயர்ந்தோர் மாற்றிக்கொள்ளவும் 8-ம் நமூனா. இறந்தோர் பெயரை நீக்க 7-ம் நமூனா.

3. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 வயது நிரம்புவோர் பதிந்துகொள்ளலாம். 17 வயதானோர் முன்கூட்டியே மனுச் செய்யலாம்.

4. மனு நிராகரிக்கப்பட்டால், 15 நாட்களுக்குள் ஜில்லா அதிகாரியிடம் அப்பீல் உண்டு.

5. வேட்புமனு தாக்கலுக்குரிய கடைசித் தேதிக்குப் பின், தேர்தல் முடியும்வரை ஜாபிதாவில் எப்பெயரும் சேர்க்கப்படமாட்டாது. வாக்குப்பதிவு நாளன்று முறையிடுவதால் பயனில்லை.

சங்கம் எக்கட்சியையும் சாராதிருத்தல் முறையே. எனினும், நகல் ஜாபிதாவை ஒரு மாலைப்பொழுதில் சங்கக் கட்டிடத்தில் உரக்க வாசிக்கச் செய்தல் எக்கட்சிக்கும் விரோதமாகாது. மணமாகி ஊருக்குப் புதிதாக வந்த மருமகள், அறுவடைக்கு அயலூர் சென்ற கூலியாள், எழுதப் படிக்கத் தெரியாத முதியோர் ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் விடுபடத்தக்கவை. அவர்களுக்கு நமூனா எழுதிக்கொடுக்க எழுத்தறிந்த அங்கத்தினர் ஒருவர் முன்வந்தால் போதும். கடன் பேரேட்டில் ஒரு பைசா பிசகினாலும் பொறாத அங்கத்தினர், தம் அயலார் ஒருவர் பெயர் வாக்காளர் ஜாபிதாவில் விடுபட்டிருப்பதையும் அவ்வாறே பொறாதிருத்தல் வேண்டும்.