ராண்டம் டெஸ்ட் வருதாம்: எதைத் தேடப் போறாங்க?

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம். "எந்த ஊர்டா?" என்று ஒரு சீனியர் கேட்டார். "கள்ளக்குறிச்சி"ன்னு சொன்னேன். "பாக்கெட் கொண்டு வந்தியா?" ரூமே சிரிச்சுது. என் ரூம்மேட் கல்வராயன் மலைக்காரன். அவனுக்கு இதைவிட மோசமா விழுந்தது. இப்போ கல்லூரிகளில் ராண்டம் போதைப்பொருள் சோதனை வைக்கலாமா என்று பேச்சு ஓடுது இல்லையா, அது நம்ம காலேஜுக்கும் வந்தா முதல் ரெண்டு பெயர் எங்க ரெண்டு பேர்தான் என்று அவன் பந்தயம் கட்டுறான்.

அப்படி நடந்தா அதுக்குப் பெயர் ராண்டம் இல்லை, சந்தேகம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளங்கிக்க எங்க ஊர்க் கதையே போதும்.

2024 ஜூன் 18 இரவு, கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிற கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடிச்சவங்க மறுநாள் காலையிலிருந்து விழ ஆரம்பிச்சாங்க. வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகள், புதுச்சேரி ஜிப்மர் என்று எல்லா இடத்திலும் சேர்த்தாங்க. கடைசியில் 60 பேருக்கு மேல் இறந்தாங்க. ஆரம்பத்தில் சாவுக்குக் காரணம் வேற என்று சொல்லப்பட்டது. அதை நம்பி, சாவு வீட்டுக்கு வந்தவங்களும் அதே சரக்கைக் குடிச்சதா செய்திகள் வந்தன. ஆய்வக முடிவு வந்த பிறகுதான் மெத்தனால் என்பது உறுதியாச்சு.

மெத்தனால் ஆலைகளுக்குப் போக வேண்டிய ரசாயனம். உடம்புக்குள்ள போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடா, பிறகு ஃபார்மிக் அமிலமா மாத்துது. கண் நரம்பைச் சாப்பிடுறது இந்த அமிலம்தான். மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுக் காய்ச்சுற சாராயம் வேற, இது வேற. ஆனா கல்வராயன் மலை என்றாலே சாராயம், போலீஸ் மேலே ஏறிப் போய் ஊறலைக் கொட்டி அழிக்கும் என்பதுதான் எல்லார் மனசிலும் பதிஞ்ச படம். விஷம் வந்த வழி வேற. மலையையே எவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டிருந்தாலும் அந்த டிரம் கண்ணில் பட்டிருக்காது.

இப்போ சோதனைக்கு வருவோம். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டைக்கு, அதில் எழுதியிருக்கும் பொருட்கள் மட்டும்தான் தெரியும். கஞ்சா, ஓபியம் வகை, கோகெய்ன், ஆம்ஃபெட்டமின் மாதிரி சில. கருணாபுரத்தில் அன்று உயிருக்குப் போராடினவரிடம் இந்தப் பட்டையை நீட்டியிருந்தா 'நெகட்டிவ்' என்று சொல்லியிருக்கும். ஊதிப் பார்க்கும் கருவியோ குடிச்சிருக்கார் என்பதோடு நின்றிருக்கும். நம்ம வயசுக்காரர்கள் விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. டபென்டடால் என்ற வலி மாத்திரையை போதைக்காக விற்பவர்களை தமிழ்நாட்டு போலீஸ் அடிக்கடி பிடிக்குது. சாதாரண ஓபியம் பட்டையில் அது பெரும்பாலும் சிக்காது. ஆகவே கிட் வாங்குறதுக்கு முன்னாடி, இந்த ஊரில், இந்த வருஷம் என்ன ஓடுது என்று தெரிஞ்சிருக்கணும். விலை குறைவா இருக்குன்னு ஆன்லைனில் ஆயிரம் பட்டை ஆர்டர் போடுறது சோதனைத் திட்டம் ஆகாது.

அடுத்தது கணக்கு. ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம்: 2000 பேர் இருக்கும் காலேஜ், அதில் 3 சதவீதம் பேர் பழக்கம் உள்ளவர்கள். பட்டை ரெண்டு பக்கமும் 95 சதவீதம் சரியா சொல்லும். குலுக்கல்ல 200 பேரை எடுக்கிறோம். அதில் 6 பேர் பழக்கக்காரர்கள், கிட்டத்தட்ட எல்லாரும் மாட்டுவாங்க. மிச்சம் 194 பேர் தொடாதவர்கள், அவர்களில் 5 சதவீதம், அதாவது சுமார் 10 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 16 பாசிட்டிவ், அதில் 10 பேர் ஒரு தப்பும் பண்ணாதவங்க! ப்ராபபிலிட்டி பேப்பரில் பேயஸ் தேற்றத்தை மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அது இங்கேதான் உயிரோட வந்து நிக்குது.

அதனால முதல் பாசிட்டிவை வெச்சு யாரையும் எதுவும் பண்ணக் கூடாது. அதே மாதிரியை வாயு நிறப்பகுப்பு, நிறை அலைமாலை கருவிக்கு அனுப்பணும் (நம்ம கெமிஸ்ட்ரி லேப் சார் ஜிசி-எம்எஸ் என்பாரே, அது). மூலக்கூறையே அடையாளம் காட்டுற கருவி. குருமாவில் அரைச்சு விட்ட கசகசாகூட ஓபியம் பட்டையில் கோடு மாத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க அரசு வேலைகளுக்கான சோதனையில் 1998-ல் ஓபியம் வகைக்கான வரம்பை மில்லி லிட்டருக்கு 300 நானோகிராமில் இருந்து 2000-க்கு ஏத்தினதுக்கு கசகசாவும் ஒரு காரணம்.

தேர்வு எப்படி? வார்டன் கை காட்டக் கூடாது, கம்ப்யூட்டர் எடுக்கணும். இன்னொண்ணு, ஒருதடவை வந்த பெயரைப் பட்டியலில் இருந்து நீக்கக் கூடாது. நீக்கினா, "நமக்கு முடிஞ்சுது, இனி ஜாலி" என்று ஆயிடும். வாரம் 20 பேர் வீதம் 40 வாரம் எடுத்தாலும், 2000 பேரில் மூணில் ரெண்டு பங்கு பேருக்கு அந்த வருஷம் அழைப்பே வராது (0.99-ஐ 40 தடவை பெருக்கிப் பாருங்க). எப்பவாவது கஞ்சா இழுக்கிறவருக்கு சிறுநீரில் அது மூணு நாள் வாக்கில்தான் தெரியும். அப்போ இந்தத் திட்டத்தின் வேலை எல்லாரையும் பிடிக்கிறது இல்லை. யாருக்கு, எப்போ என்று தெரியாத நிலைமையை உண்டாக்குறதுதான்.

இதுக்கு நம்ம நாட்டிலேயே மாதிரி இருக்கு. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2022 ஜனவரி 31 முதல், விமான நிறுவனங்கள் தங்கள் விமானக் குழுவினரில் ஆண்டுக்குக் குறைஞ்சது 10 சதவீதம் பேரை ராண்டமா சோதிக்கணும் என்று விதி வெச்சிருக்கு. முதல் பட்டையில் சந்தேகம் வந்தா வேலையிலிருந்து தற்காலிகமா விலக்கி, உறுதிச் சோதனைக்கு அனுப்புறாங்க. முதல்முறை உறுதியானா போதை மீட்பு மையத்துக்கு. விமானிக்கே முதல்முறை சிகிச்சை என்றால், பத்தொன்பது வயசுப் பையனுக்கு முதல்முறையே டிசியா?

இது இரக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. தண்டனை பயம் இருக்கிற இடத்தில் ஆள் மருத்துவமனைக்கே லேட்டாத்தான் போவான். மெத்தனாலுக்கு ஃபோமெபிசோல் என்று மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தா காப்பாத்தலாம், ஆனா நேரம்தான் எல்லாமே. போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவே, அடிமையானவர் தானா முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தா சிறு அளவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருது. கல்லூரி விதி சட்டத்தைவிடக் கடுமையா இருக்கணுமா என்ன?

ஆகவே கமிட்டி கூடும்போது நம்ம மாணவர் பிரதிநிதிகள் நாலு விஷயம் கேளுங்க. பெயரை எடுக்கிற புரோகிராமை யார் வேணும்னாலும் பார்க்கலாமா? மாதிரியை ரெண்டு பாட்டிலா பிரிச்சு நம்ம கண் முன்னாடி சீல் வைப்பாங்களா? முடிவு டாக்டரைத் தாண்டி யார் மேசைக்குப் போகும்? கிட்ல டபென்டடால் இருக்கா?

ரூம்மேட்டிடம் இதை வாசிச்சுக் காட்டினேன். "குலுக்கல்ல நம்ம பேரு வந்தா?" என்றான். வந்தா போவோம், பாட்டிலில் கையெழுத்துப் போட்டுட்டு மெஸ்ஸுக்கு வருவோம் என்றேன். "கசகசா போட்ட குருமா அன்னிக்கு வேண்டாம்" என்றான்.