குரோமில் ஓடினா போதுமா?

உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு வெப்சைட் பண்றீங்கன்னு வச்சுக்குவோம். லேப்டாப்ல குரோம்ல பார்த்தா மெனு, போட்டி நேரம், பதிவுப் படிவம் எல்லாம் பக்காவா வருது. லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு. மறுநாள் வேற காலேஜ் மாணவி ஒருத்தர் கேட்கிறாங்க: "அண்ணா, சப்மிட் பட்டனே காணோமே?" அவங்க கையில இருக்கிறது ஐபோன். கேட்டது ஒருத்தர்தான். கேட்காமலே பக்கத்தை மூடிட்டுப் போனவங்க எத்தனை பேருன்னு கணக்கே கிடையாது. பதிவு குறைஞ்சதுக்குக் காரணம் போஸ்டர் சரியில்லன்னு நாம பேசிக்கிட்டு இருப்போம்.

இதைத் தடுக்கத்தான் கிராஸ் பிரவுசர் டெஸ்டிங்.

பேரு பல, எஞ்சின் மூணு

நாம எழுதற எச்டிஎம்எல், சிஎஸ்எஸ்ஸைப் படிச்சு திரையில வரையறது பிரவுசருக்குள்ள இருக்கிற ரெண்டரிங் எஞ்சின். இன்னைக்குப் பெரும்பாலும் புழக்கத்துல இருக்கிறது மூணுதான்:

- பிளிங்க்: குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட்
- வெப்கிட்: சஃபாரி
- கெக்கோ: ஃபயர்ஃபாக்ஸ்

எட்ஜ் 2020 ஜனவரியில பிளிங்க்குக்கு மாறிடுச்சு. அதனால "குரோம், எட்ஜ், பிரேவ் மூணுலயும் பார்த்துட்டேன்"னு சொன்னா, ஒரே பேப்பரை மூணு பேனாவுல எழுதின மாதிரிதான்.

இதுக்கு நேர் எதிரான விஷயமும் உண்டு. ஐபோன்ல குரோம் ஐகானைத் தொட்டாலும் உள்ளே ஓடறது வெப்கிட். ஆப்பிளோட ஆப் ஸ்டோர் விதி அப்படி. 2024-ல் ஐஓஎஸ் 17.4 வந்தப்போ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இதுல விலக்கு கிடைச்சது. நம்ம ஊர் ஐபோன்ல பழைய நிலைதான்.

அப்போ குரோம் டெவ்டூல்ஸ்ல ஐபோன்னு தேர்ந்தெடுத்துப் பார்க்கிறோமே, அது? திரை அளவு, டச், பிரவுசர் சொல்லிக்கிற பேரு இதெல்லாம் மாறும். எஞ்சின் பிளிங்க்தான். லேஅவுட் பார்க்க அது உதவும், ஆனா ஐபோன்ல டெஸ்ட் பண்ணினதா ஆகாது.

வழக்கமா சறுக்கற அஞ்சு இடம்

1. திரை உயரம். சிஎஸ்எஸ்ல உயரத்தை 100விஎச்னு கொடுத்தா, மொபைல் பிரவுசர் அட்ரஸ் பார் சுருங்கின பிறகு கிடைக்கிற முழு உயரத்தை எடுத்துக்கும். ஐபோன் சஃபாரியில அந்த பார் கீழேயே இருக்கலாம். அடியில வச்ச பட்டன் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். மேலே சொன்ன சப்மிட் பட்டன் கதை இப்படித்தான் நடக்கும். 2022-ல் மூணு எஞ்சினுக்கும் வந்த டிவிஎச் அலகு இதுக்குத் தீர்வு.

2. தேதி. ஜாவாஸ்கிரிப்ட்ல "2025-03-15 10:30"னு நடுவுல இடைவெளி விட்டு எழுதினா குரோம் புரிஞ்சுக்கும். பழைய சஃபாரி செல்லாத தேதின்னு சொல்லிடும். நடுவுல இடைவெளிக்குப் பதிலா ஆங்கில 'டி' எழுத்து போடற வடிவத்துக்குத்தான் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலை உத்தரவாதம் தருது.

3. ஸ்க்ரோல்பார். மேக்ல அது பக்கத்துக்கு மேல மிதக்கும், இடம் பிடிக்காது. விண்டோஸ்ல வழக்கமா இடம் பிடிக்கும். அகலத்தை 100விடபிள்யூன்னு வச்சா விண்டோஸ்ல பக்கம் இடவலமா ஆட ஆரம்பிச்சிடும். 100 சதவீதம்னு வச்சா போதும்.

4. ஃபைல் பேரு. கோடுல சின்ன எழுத்துல லோகோன்னு இருக்கு, ஃபைல் பேரு பெரிய எழுத்துல ஆரம்பிக்குது. விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணாதான் பார்க்கும். லினக்ஸ் சர்வர் ரெண்டும் வேறன்னு 404 காட்டும். எல்லாப் பேரையும் சின்ன எழுத்துலயே வைங்க.

5. தமிழ் எழுத்துரு. ஃபான்ட் எதுவும் சொல்லாம விட்டா, விண்டோஸ் நிர்மலா யுஐ, மேக் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்ட் நோட்டோ சான்ஸ் தமிழ்னு ஆளுக்கொண்ணை எடுத்துக்கும். "பதிவு செய்க"ங்கிற ஒரே சொல்லுக்கு அகலம் மாறும். பட்டனுக்கு உயரத்தைக் கட்டிப் போட்டிருந்தா 'தி'யோட மேல்வளைவோ 'வு'வோட கீழ்வளைவோ வெட்டுப்படும். ஒரு வெப் ஃபான்டை சைட்டோட சேர்த்தே கொடுங்க. உயரத்தைக் கட்டாம பேடிங் கொடுங்க.

பிரவுசர் பேரைக் கேட்காதீங்க

"சஃபாரியா இருந்தா இதைச் செய்"னு கோட் எழுதத் தோணும். வேண்டாம். குரோம் தன்னை அறிமுகப்படுத்திக்கிற யூசர் ஏஜென்ட் வரியிலேயே மொசில்லா, ஆப்பிள்வெப்கிட், கெக்கோ, சஃபாரின்னு எல்லார் பேரும் இருக்கும். பழைய சைட்டுகள் தன்னைத் தடுத்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு பிரவுசரும் முன்னால வந்தவர் பேரைச் சேர்த்துக்கிட்டே வந்ததோட விளைவு அது. பேரை விட்டுட்டு, தேவையான வசதி இருக்கான்னு கேளுங்க. சிஎஸ்எஸ்ல அதுக்கு 'சப்போர்ட்ஸ்' விதி இருக்கு.

மேக் இல்லாதவங்க என்ன பண்றது?

மைக்ரோசாஃப்ட் 2020-ல் வெளியிட்ட பிளேரைட் இலவசம். குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூணையும் விண்டோஸ், லினக்ஸ்லயே ஓட்டிக் காட்டும். பதிவுப் படிவத்தை நிரப்பி சப்மிட் பண்ற டெஸ்ட்டை ஒருமுறை எழுதினா மூணு எஞ்சின்லயும் ஓடும். அந்த வெப்கிட் அசல் சஃபாரிக்கு ரொம்ப நெருக்கம், ஆனா அதேதான்னு சொல்ல முடியாது. அதனால கடைசியா ஹாஸ்டல்ல யாரோட ஐபோனையாவது பத்து நிமிஷம் வாங்குங்க. லேப்டாப்பையும் போனையும் ஒரே ஹாட்ஸ்பாட்ல இணைச்சு, சர்வரை 0.0.0.0 முகவரியில ஓட்டி, லேப்டாப்போட ஐபி எண்ணை போன்ல திறந்தா போதும்.

அப்போ வெறுமனே பார்த்துட்டு "நல்லா இருக்கு"ன்னு விட்டுடாதீங்க. பேரு டைப் பண்ணி, தேதி தேர்ந்தெடுத்து, சப்மிட் அடிச்சு, டேட்டாபேஸ்ல வந்து சேர்ந்ததான்னு பாருங்க. ஆண்ட்ராய்ட் குரோம், ஐபோன் சஃபாரி, விண்டோஸ் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் - இந்த நாலுலயும் இது நடந்தா பெரும்பாலான பிரச்சினை பிடிபட்டுடும்.

எல்லா இடத்துலயும் பிக்சல் பிசகாம ஒரே மாதிரி தெரியணும்னு அவசியமில்ல. நிழல் கொஞ்சம் மாறலாம், மூலை கொஞ்சம் வளையலாம். எந்த போன் வச்சிருந்தாலும் வந்தவங்க வந்த வேலை முடியணும். லிங்க்கை குரூப்ல போடறதுக்கு முன்னாடி சரிபார்க்க வேண்டியது அதுதான்.