ஓக்வில் பெடியன் ஏன் கம்பஸ் மாறினார்?

2024 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலில் புதிதாக வந்த 12 அணி பிளேஓஃபின் முதலாவது ஆட்டம். இந்தியானா பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பக்காக இறங்கினவர் எங்கட பக்கத்துப் பெடியன், ஓக்வில்லில் வளர்ந்த கேர்ட்டிஸ் ரூர்க். ஆட்டத்தில் நோட்ர டாம் 27–17 என்று வென்றது. அதைவிடப் பெரிய கதை பிறகுதான் வெளியில் வந்தது. ஓகஸ்ட் பயிற்சியிலேயே அவருடைய முழங்கால் ஏ.சி.எல். தசைநார் கிழிந்திருக்கிறது. சீசன் முழுக்க அந்தக் காலோடதான் விளையாடியிருக்கிறார்.

அதைப் படிச்ச உடனே, "ஏன் தம்பி, பேசாமல் சத்திரசிகிச்சை செய்துபோட்டு இருந்திருக்கலாமே?" என்று எங்கட அம்மாமார் கேட்பார்கள். இருந்திருக்கலாம். ஆனால் அதற்காகவா அவர் கம்பஸ் மாறி வந்தார்?

ஃபுட்போல் பார்க்காத வீடுகளுக்கு ஒரு சின்ன விளக்கம். கூடைப்பந்தில் ஐந்து பேர் இறங்குகிறார்கள். ஆட்களை மாற்றி மாற்றி விடலாம். குவாட்டர்பக் ஒரு அணிக்கு ஒரே ஆள்தான். இரண்டாவதாக இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில்தான் நிற்கவேண்டும். அதனாலதான் இந்த விளையாட்டில் குவாட்டர்பக்மார் அடிக்கடி இடம் மாறுகிறார்கள்.

கேர்ட்டிஸின் நிலைமை வேறு. ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் அவர்தான் முதல் ஆள். (கொலம்பஸில் இருக்கிற பெரிய ஒஹாயோ ஸ்டேட் இல்லை. இது ஏதென்ஸ் என்ற சின்ன ஊரில் இருப்பது.) 2022இல் தங்கள் மாநாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அந்த வருசமும் ஒருக்கா ஏ.சி.எல். கிழிந்து, திரும்பி எழும்பி வந்தார். 2023 முடிய, கடைசி ஒரு சீசன்தான் மிச்சம். அதையும் தெரிந்த ஊரில் நிம்மதியாக முடித்திருக்கலாம். அவர் போனதோ இந்தியானாவுக்கு. 2023இல் 12 ஆட்டத்தில் மூன்றை மட்டும் வென்ற அணி அது. கேர்ட் சிக்னெற்றி என்ற புதுப் பயிற்சியாளர் அப்பதான் வந்திருந்தார். ஆனால் விளையாடுகிற மாநாடு பிக் டென், எதிரில் நிற்பவர்கள் மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும். என்.எஃப்.எல். ஆட்கள் பார்க்கிற இடம் அதுதான்.

அந்த ஒரே சீசனில் இந்தியானா 11 ஆட்டங்களை வென்றது. அதுவரை அந்தப் பள்ளி காணாத கணக்கு. கேர்ட்டிஸ் 29 டச்டவுன் பாஸ் எறிந்தார், எதிரணி பிடித்தது ஐந்தே ஐந்து. 2025 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ அணி 227ஆவது ஆளாக அவரைத் தெரிவு செய்தது. முழங்கால் நல்லாக இருந்திருந்தால் முந்தியே எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கென்றால் அண்ணன் நேதன் ரூர்க்கின் கதைதான் இன்னும் பெரிசாகப் படுகிறது. கனடாவில் படித்த குவாட்டர்பக்கை அமெரிக்காவில் ஆரும் தேடி வரமாட்டார்கள் என்பதால், ஹைஸ்கூல் கடைசி வருசத்துக்கு அலபாமா போனார். அப்பவும் பெரிய இடம் கிடைக்கவில்லை. கன்சாஸில் ஃபோர்ட் ஸ்கொட் என்ற கொம்யூனிற்றி கொலிஜில் 2016இல் ஒரு சீசன் விளையாடினார். எங்கட கலியாண வீடுகளில் "பிள்ளை எந்தக் கம்பஸ்?" என்று கேட்டால் வாட்டர்லூ, மக்மாஸ்டர் என்று சொல்லத்தான் வாய் வரும். கன்சாஸ் கொம்யூனிற்றி கொலிஜ் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அங்கிருந்துதான் ஒஹாயோவுக்கு மாறி, 2017 முதல் 2019 வரை மூன்று சீசன் முதல் ஆளாக நின்றார். பிறகு பி.சி. லயன்ஸ், இடையில் என்.எஃப்.எல். அணிகளில் அலைச்சல், திரும்பவும் லயன்ஸ். 2025இல் சி.எஃப்.எல்.இன் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அந்த விருதை ஒரு கனேடியக் குவாட்டர்பக் வாங்கியது 1969இல் ரஸ் ஜக்சனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

முந்தி என்றால் இப்படி மாறுவது லேசில்லை. என்.சி.ஏ.ஏ. சட்டப்படி ஃபுட்போல்காரர் கம்பஸ் மாறினால் பொதுவாக ஒரு வருசம் சும்மா இருக்கவேண்டும். 2021இல் ஒரு தடவை மாறலாம் என்று விட்டார்கள். 2024 ஏப்ரலில், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவையும் மாறலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பெயரை "ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்" என்ற பட்டியலில் போட்டால் மற்றப் பயிற்சியாளர்கள் நேரே கதைக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெயரைப் போட்ட பிறகு, அந்தத் தவணை முடிய பழைய பள்ளி ஸ்கொலசிப்பை நிறுத்தலாம். புது இடம் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பட்டியலில் பெயர் போட்டு, ஒருவரும் கூப்பிடாமல் நின்றுபோகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி டிவியில் வராது. படித்த பாடங்களின் கிரெடிட் எல்லாம் புதுக் கம்பஸில் செல்லும் என்பதும் இல்லை.

காசு விசயத்தில் கனேடியப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். 2021 ஜூலையில் இருந்து கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயர், படத்தை வைத்து உழைக்கலாம். எங்கட பிள்ளைகள் போவதோ எஃப்-1 மாணவர் விசாவில். அந்த விசாவில் வேலை செய்து உழைப்பதற்குக் கடும் கட்டுப்பாடு. பக்கத்துக் கதிரையில் இருக்கிற அமெரிக்கப் பெடியன் கார் விளம்பரத்தில் நடிக்கலாம். ஸ்காபரோப் பெடியன் அதையே செய்தால் விசாவுக்கே பிரச்சினை வரலாம். ஆரும் ஒப்பந்தம் நீட்டினால் கையெழுத்துக்கு முதல் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைக் கேளுங்கள், ஏஜெண்டை இல்லை.

இங்கேயே படிக்கிற பிள்ளைக்குச் சட்டம் இன்னும் இறுக்கம். யூ ஸ்போர்ட்ஸ் ஃபுட்போலில் ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாடிவிட்டு இன்னொன்றுக்கு மாறினால் 365 நாள் வெளியில் நிற்கவேண்டும். யோர்க்கில் விளையாடினவர் அடுத்த செப்டெம்பரே வெஸ்டேர்னுக்கு இறங்க முடியாது.

கம்பஸ் எல்லாம் பிறகு பார்ப்போம், இப்ப பிள்ளை ஒன்பதாம் பத்தாம் வகுப்பு என்கிறீர்களா? ஒன்ராறியோ ஹைஸ்கூல் விளையாட்டுச் சங்கமான ஓஃப்சாவுக்கும் மாற்றச் சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம் மாறினால், முந்தி விளையாடின அதே விளையாட்டை 12 மாதத்துக்கு விளையாட முடியாது, மேன்முறையீட்டில் வென்றால் ஒழிய. "நல்ல கோச் இருக்கிறார்" என்பது அங்கே எடுபடாது. வீடு மாறினால் காரணம் காட்டலாம். அமெரிக்கக் கனவு இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்குக் கேட்கிற 16 அடிப்படைப் பாடங்களின் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. பிள்ளை எடுக்கப்போகும் கணிதமும் விஞ்ஞானமும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று, பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வருகிற கிழமையே கைடன்ஸ் கவுன்சிலரிடம் கேட்டுவையுங்கள்.