சிக்னல் இல்லாவிட்டாலும் மணியடிக்கும்

அருப்புக்கோட்டையில் கல்லூரி முடித்து, திருச்சுழியைத் தாண்டி உள்ளடங்கிய கிராமத்துக்குத் திரும்பும் மாணவருக்குப் பொழுதை அளப்பது டவுன் பஸ்தான். ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய படிப்பு நேரம் நிறுத்தத்திலேயே கரைந்துவிடும். சுவரில் ஒட்டிய படிப்பு அட்டவணைக்கு இதெல்லாம் தெரியாது. செல்பேசிச் செயலியிலோ ஆறு மணிப் பாடத்தை எட்டுக்குத் தள்ளிவைக்க ஒரு தட்டல் போதும். கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசாப்ட் டூ டூ, டூடூயிஸ்ட் என்று பெயர்கள் பல, வேலை ஒன்றுதான். செய்ய வேண்டியதைக் குறித்துக்கொண்டு சொன்ன நேரத்துக்கு நினைவூட்டும்.

ஊருக்குள் நுழைந்தால் சிக்னல் போய்விடுகிறதே, அப்போதும் மணியடிக்குமா? முன்பே பதிந்து வைத்திருந்தால் அடிக்கும். செல்பேசிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. விசித்திரமான எண் இல்லை. பதினைந்து இரண்டுகளைப் பெருக்கினால் வருவது. அதையே 15 தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஓடுவதும் இந்தக் கணக்கில்தான், சிக்னல் இல்லாமலே. நேரத்தைக் குறித்ததும் செயலி அதை ஆண்ட்ராய்டிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடும். வேளை வந்ததும் ஆண்ட்ராய்டு செயலியை எழுப்பும்.

ஆனாலும் சிலருக்கு மணி பிந்தி அடிக்கிறது. சார்ஜில் போடாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் செல்பேசியில் பேட்டரியை மிச்சப்படுத்த, செயலிகளின் வேலைகளை ஒத்திப்போடும் ஏற்பாடு 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல் சேர்ந்தது. டோஸ் என்று பெயர். சில நிறுவனங்களின் செல்பேசிகள் இன்னும் கெடுபிடி. அமைப்புகளுக்குள் போய், அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும். புதிய ஆண்ட்ராய்டு என்றால் அலாரத்துக்கான அனுமதியையும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் செயலி மாற்றி செயலி இறக்குவது வீண்.

நினைவூட்டுவதோடு நிற்காத செயலி ஆங்கி. 2006-இல் வந்தது, ஆண்ட்ராய்டில் இலவசம். படித்தது எப்படி மறக்கிறது என்று ஜெர்மானியர் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். விட்டுவிட்டுப் படித்தால் நிற்கும் என்ற அந்த வழியில், தெரிந்த கேள்வியை நாள் தள்ளியும் தடுமாறியதைச் சீக்கிரமும் ஆங்கி கேட்கும். கேள்வி-பதில் அட்டைகளைத் தமிழிலேயே எழுதலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வீட்டுக்கு ஒரே செல்பேசி, அதுவும் பகலெல்லாம் அப்பாவோடு காட்டில் என்றால், பகல் நேரத்துக்கு மணி வைத்துப் பயனில்லை. அது வீடு திரும்பும் நேரத்துக்கு ஒரே ஒரு நினைவூட்டல் வைத்து, நாளைய வேலைகளை அப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.