சலங்கை இருந்தது அன்று... விளக்கு எங்கே இன்று? ரோட்டோரத் தபால்காரர்கள் கவனம்!

பள்ளிப்பட்டு பக்கம் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டால், ரோட்டின் முகமே மாறிவிடும். திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்கள் வரிசை கட்டும். நகரி பக்கமிருந்து லாரிகள் வேறு. இதே ரோட்டோரத்தில்தான் கிராமத் தபால்காரர் வீட்டுக்கு வீடு வண்டியை நிறுத்தி நிறுத்திக் கிளம்புகிறார்.

ஆபத்தே அந்த 'நிறுத்தி நிறுத்தி'யில்தான். எங்கே ஓரம் கட்டுவார், எப்போது கிளம்புவார் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாதே!

அந்தக் காலத்துத் தபால் ரன்னர், ஈட்டியில் சலங்கை கட்டி ஓடினார். சத்தம் கேட்டே ஜனங்கள் வழிவிட்டார்கள். அமெரிக்காவில் சொந்த காரில் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகும் ஊழியர்கள் பலர், கூரைமேல் மின்னும் மஞ்சள் விளக்கைப் பொருத்துகிறார்கள். நம்ம ஊரில்? சைக்கிள் அல்லது டூவீலர், ஒரு பை. அவ்வளவுதான். தினம் 4 அல்லது 5 மணி நேர வேலைக்கென்று கணக்கிட்டுச் சம்பளம் வாங்கும் கிராம அஞ்சல் ஊழியர், விளக்குக்கும் கைக்காசு போட வேண்டுமா என்ன?

2017 ஏப்ரல் முதல் புது டூவீலர்களில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. எதிரே வருபவருக்கு நல்லது. பின்னால் வருபவருக்கு, மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் பையின் மேல் ஒளிரும் பட்டையும் பெரிய உதவி. ஓரம் கட்டும் முன்பே இண்டிகேட்டர் போடுவதும், வளைவில் நிறுத்தாமல் இருப்பதும் பைசா செலவில்லாதவை.

ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை திறந்து, கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் மட்டும் எந்த விளக்கும் உதவாது. அன்றைக்கு, "தபால் ஏன் வரலை?" என்று யாரும் கோபிக்காதீர்கள்!